டைவ் விபத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே சண்டையாகிறது, எப்படிப் பேசுவது?

செந்தூல்காரன் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். கோலாலம்பூரில் நாங்கள் ஒரு சின்ன டைவிங் குழு வைத்திருக்கிறோம், பெரும்பாலும் நம்ம ஆட்கள்தான், வேலைக்குப் போன பிறகு ஆசைப்பட்டு ஸ்கூபா லைசென்ஸ் எடுத்தவர்கள். மழைக்காலம் முடிந்து கிழக்குக் கரைத் தீவுகள் திறந்ததும் தியோமான், பெர்ஹெந்தியான் என்று கிளம்பிவிடுவோம். ரூம், ஃபெரி டிக்கெட், படகு எல்லாம் ஏற்பாடு செய்வது நான்.

போன தியோமான் பயணத்தில் ஒரு சம்பவம். புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கச்சிக்குக் கடைசி டைவில், 18 மீட்டரில், காற்று கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. எங்களை வழிநடத்திய டைவ்மாஸ்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தார், அவளுடைய டைவ் கூட்டாளி கொஞ்சம் தள்ளி ஆமை பார்த்துக்கொண்டிருந்தான். இவள் பதறி மேலே கிளம்பியவள் பாதிக்கு மேல் தன்னைக் கட்டுப்படுத்த முடியாமல் விசுக்கென்று வெளியே வந்துவிட்டாள். நெஞ்சு வலி, இருமல். படகிலேயே ஆக்சிஜன் கொடுத்தார்கள், கரைக்கு வந்து டாக்டரிடம் காட்டினோம், ஒரு இரவு வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். அந்த மட்டும் தப்பித்தோம்.

தலைவலி அதற்கப்புறம்தான். வாட்ஸ்அப்பில் "காற்று அளவு காட்டும் கேஜைப் பார்க்கத் தெரியாதவளுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது" என்று ஒருத்தர் ஆரம்பிக்க, "கூட்டாளி என்ன பண்ணினான்" என்று இன்னொருத்தர், "டைவ்மாஸ்டருக்குக் காசு வாங்க மட்டும்தான் தெரியும்" என்று மூன்றாமவர். அந்தத் தங்கச்சி குழுவை விட்டே வெளியேறிவிட்டாள். கூட்டாளிப் பையன் இனி டைவே வேண்டாம் என்கிறான். இன்னொரு கூட்டம், "அதான் ஒன்றும் ஆகவில்லையே, எதற்குக் கிளறிக்கொண்டு" என்கிறது.

அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸில் எல்லாரும் கூடிச் சாப்பிடுவதாக இருக்கிறோம். அங்கே இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். மூடி மறைக்கவும் மனமில்லை, பஞ்சாயத்து ஆக்கவும் மனமில்லை. யார் தலையிலும் பழியைப் போடாமல் இதிலிருந்து எதையாவது கற்றுக்கொள்ள வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பத்துபெரிங்கி எழுதியது:

தம்பி, முதலில் அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். குழு சார்பாக என்று எல்லாம் வேண்டாம், நீங்களாகப் பேசுங்கள். அவளிடம் இருக்கிற தகவல் வேறு யாரிடமும் கிடையாது. அவள் வாயை மூடிக்கொண்டால் உங்கள் கையில் மிஞ்சுவது வாட்ஸ்அப் வதந்திதான்.

இன்னொன்று, அவசரம். வேகமாக மேலே வந்து நெஞ்சு வலியும் இருமலும் என்றால் நுரையீரல் கிழிந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அவளைப் பார்த்தவர் டைவ் மருத்துவம் தெரிந்தவரா? இல்லையென்றால் தெரிந்தவரிடம் காட்டாமல் மறுபடி தண்ணீரில் இறக்காதீர்கள், குளத்தில்கூட வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் பினாங்கில் பல வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். "கேஜ் பார்க்கவில்லை" என்பது நடந்ததை வேறு வார்த்தையில் சொல்வது, அவ்வளவுதான். அதில் காரணம் எதுவும் இல்லை. டேன் என்கிற டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் ஆட்கள் 2008இல் 947 டைவ் மரணங்களை எடுத்து அலசினார்கள். சாவுச் சான்றிதழில் "மூழ்கி இறந்தார்" என்று இருப்பதோடு நிற்காமல் பின்னோக்கிப் போனார்கள்: எது முதலில் தூண்டிவிட்டது, அதனால் அந்த ஆள் என்ன செய்தார், அது உடம்பில் என்ன காயம் உண்டாக்கியது, கடைசியில் எதனால் உயிர் போனது. தூண்டல் தெரிந்தவற்றில் 41 சதவீதத்துக்குக் காற்றுப் பற்றாக்குறை. எங்கேயாவது மாட்டிக்கொண்டது 20 சதவீதம், கருவிக் கோளாறு 15 சதவீதம். ஆளை முடக்கிய அடுத்த கட்டத்தில் பாதிக்கு மேல், 55 சதவீதம், அவசரமாக மேலே வந்தது. உங்கள் தங்கச்சிக்கு நடந்தது அப்படியே இந்த வரிசைதான். அதனால் அவள் ஒரு தனிப்பிறவி முட்டாள் இல்லை. இத்தனை பேர் போன பாதையில்தான் அவளும் போயிருக்கிறாள், நல்ல வேளை பாதியில் திரும்பிவிட்டாள்.

கொஞ்சம் கணக்கும் போட்டுப் பாருங்கள். 11 லிட்டர் டேங்கில் அழுத்தம் 30 பார் என்றால் 330 லிட்டர் காற்று. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவர் 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டர் இழுப்பார், ஏனென்றால் அங்கே அழுத்தம் மூன்று மடங்கு. பதற்றத்தில் மூச்சு இரட்டிப்பானால் 120. ஆக மூன்று நிமிடம்கூட இல்லை. கேஜில் முள் சிவப்பில் நிற்பதைப் பார்க்கிற நேரத்தில் அவளுக்குள்ளே என்ன ஓடியிருக்கும் என்று அந்த வாட்ஸ்அப் நீதிபதிகள் யோசிக்கட்டும்.

அவளிடம் "ஏன் பார்க்கவில்லை" என்று கேட்காதீர்கள். ஏன் என்றாலே ஆள் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். "கடைசியாக எப்போது பார்த்தாய், எவ்வளவு இருந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், கூட்டாளி எங்கே இருந்தான்" என்று கேளுங்கள்.

லெப்பாஸ்_ஷிப்ட் எழுதியது:

நான் டைவர் இல்லை, என் மனைவிதான் டைவ் போவாள், நான் படகில் உட்கார்ந்து மீன் பிடிப்பவன். ஆனால் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் வேலை, அதனால் சம்பளமே இதற்குத்தான்.

விமானத் துறைக்காரர்கள் இதை நமக்கெல்லாம் முன்னாலேயே கற்றுக்கொண்டார்கள், விலை கொடுத்துத்தான். 1978 டிசம்பரில் அமெரிக்காவில் போர்ட்லண்ட் பக்கம் ஒரு யுனைட்டெட் விமானம், எண் 173, சக்கரம் சரியாக இறங்கியதா என்கிற சந்தேகத்தில் ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கேப்டன் கவனம் முழுக்கச் சக்கரத்தில். எரிபொருள் குறைகிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை, அவர் காதிலும் ஏறவில்லை. வானத்திலேயே தீர்ந்து விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். உங்கள் கதையோடு ஒத்துப் பாருங்கள்: எல்லாருடைய கண்ணும் ஒரு பக்கம், தீர்ந்துகொண்டிருப்பது இன்னொரு பக்கம். "கேப்டன் முட்டாள்" என்று கோப்பை மூடியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்கள் விமானி அறையில் யார் யாரிடம் எப்படிப் பேசுவது என்பதையே பயிற்சியாக மாற்றினார்கள், இன்றைக்கு உலகம் முழுக்க அது கட்டாயம். அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது, விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழியையோ பொறுப்பையோ பங்குபோடுவது இல்லை என்று. 1976இலிருந்து நாசா நடத்துகிற ஒரு அறிக்கைத் திட்டமும் உண்டு. விமானி தன் கையாலேயே "இப்படி ஆகிவிட்டது" என்று எழுதி அனுப்பலாம், பெயரை எடுத்துவிட்டுத்தான் வெளியிடுவார்கள்.

உங்கள் கூட்டத்துக்கு என் யோசனை. வாழை இலைச் சாப்பாட்டுக்கு நடுவே, சாம்பார் வாளி சுற்றிக்கொண்டிருக்கும்போது, இருபது பேர் முன்னால் வேண்டாம். முதலில் நேரடியாகச் சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் உட்காருங்கள். பேசுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தனியாக, தன் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதட்டும், ஏனென்றால் முதலில் பேசுகிறவர் கதையை மற்றவர்கள் தெரியாமலே தன் ஞாபகத்தில் ஒட்டிக்கொள்வார்கள். கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டரில் ஆழக்கோடு பதிவாகியிருக்கும், அழிப்பதற்குள் எடுத்து வையுங்கள். விபத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், காலையில் படகு ஏறியதிலிருந்து ஆரம்பியுங்கள். பெரும்பாலும் விஷயம் அங்கேதான் கிடக்கும். "இப்படிச் செய்திருக்கலாம்" என்று யாராவது இழுத்தால், "சரி, ஆனால் நடந்தது என்ன" என்று திருப்பிவிடுங்கள். பெரிய குழுவுக்கு அப்புறம் சொல்லலாம், அதுவும் அந்தப் பெண் சரி என்றால்.

கிள்ளான்_கறார் எழுதியது:

எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழியே வேண்டாம் என்றால் லாபம் யாருக்கு? அலட்சியமாகப் படகு விடுகிறவனுக்குத்தான்லா. 2022 ஏப்ரலில் மெர்சிங் கடலில், தோக்கோங் சங்கோல் தீவுப் பக்கம், நான்கு டைவர்கள் நீரோட்டத்தில் அடித்துப் போனார்கள். மூன்று பேரைக் காப்பாற்றினார்கள், ஒரு பதின்ம வயதுப் பையன் போய்விட்டான். படகோட்டி போதைப்பொருள் பரிசோதனையில் மாட்டிக் கைதானார். அங்கே போய் "காலையில் படகு ஏறியதிலிருந்து சொல்லுங்கள்" என்று உட்காருவீர்களா? பெற்றவர்களுக்கு என்ன பதில்?

நம்ம ஆட்களுக்கு ஒரு குணம், கண்டிக்க வேண்டிய இடத்திலும் "பாவம் விடு" என்போம். கூட்டாளி என்று ஒருவன் தண்ணீரில் இறங்கினால் அவனுக்கு ஒரு கடமை இருக்கிறது. ஆமை பார்க்கப் போனான் என்றால் போனான்தான். அதைச் சொல்லக்கூடாது என்றால் அப்புறம் எதற்குக் கூட்டாளி?

லெப்பாஸ்_ஷிப்ட் எழுதியது:

அண்ணே, நியாயமான கேள்வி. போதையில் படகு ஓட்டுவதை யாரும் "பாடம்" என்று விட்டுவிடச் சொல்லவில்லை, அதற்குப் போலீஸ் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. பாதுகாப்புத் துறையில் இதற்கு ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறோம், ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியல் பேராசிரியர் பரப்பியது: அதே பயிற்சி உள்ள இன்னொருவரை அதே இடத்தில், அதே நேரத்தில், அவருக்குத் தெரிந்தது மட்டும் தெரிந்த நிலையில் நிறுத்திப் பாருங்கள். அவரும் அதையே செய்திருக்க வாய்ப்பு உண்டு என்றால் ஆளைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை, ஏற்பாட்டைத்தான் மாற்ற வேண்டும். போதையில் ஓட்டியவர் இந்தச் சோதனையில் தோற்பார். ஆமை பார்த்த பையன் தோற்பானா? உங்கள் குழுவில் ஆமை வந்தால் திரும்பாத ஆள் ஒருத்தரைக் காட்டுங்கள்.

மெர்சிங் விஷயத்திலேயே பாருங்கள், கைதானதும் டீக்கடையில் நம் பேச்சு முடிந்துவிட்டது. ஆனால் டைவர்கள் அலைக்கு மேலே தெரிகிற மாதிரி என்ன வைத்திருக்க வேண்டும், குறித்த நேரத்தில் மேலே வரவில்லையென்றால் படகு எவ்வளவு நேரத்தில் கரைக்குச் சொல்ல வேண்டும் என்கிற கேள்விகள், தே தாரிக் தவிர வேறு எதையும் தொடாத படகோட்டிக்கும் உண்டு. அந்தக் கேள்விகளுக்குக் கைது பதில் சொல்லாது.

நீலத்துடுப்பு எழுதியது:

கறார் அண்ணனுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு தீவில், பெயர் வேண்டாம், இறங்குவதற்கு முன்னால் படகில் எல்லாம் சரிபார்த்தேன். கேஜ் 200 காட்டியது, வாயில் கடித்து மூச்சு இழுக்கும் ரெகுலேட்டரில் இரண்டு மூச்சு இழுத்தேன், நன்றாக வந்தது. 15 மீட்டர் தாண்டியதும் மூச்சு இழுக்க இழுக்கக் கனமாகிறது. கேஜைப் பார்த்தால், நான் இழுக்கும்போது முள் தடாலென்று கீழே போகிறது, விட்டதும் திரும்ப மேலே ஏறுகிறது. நல்ல வேளை, கூட்டாளியாக வந்த அக்கா கை எட்டும் தூரத்தில் இருந்தார், முள்ளைக் காட்டினேன், என் பின்னால் வந்து டேங்க் வால்வைத் திருகினார், காற்று வந்துவிட்டது. வால்வு கிட்டத்தட்ட மூடியிருந்திருக்கிறது. மேலே கொஞ்சம் காற்றே போதும் என்பதால் தெரியவில்லை, ஆழத்தில் கூடுதல் காற்று வேண்டும்போதுதான் குட்டு வெளிப்பட்டது.

படகுக்குத் திரும்பியதும் ஒரே கூச்சல், "எந்தப் பையன் வால்வைத் தொட்டது?" எடுபிடிப் பையன் ஒருத்தன் வெலவெலத்து நிற்கிறான். எங்கள் இன்ஸ்ட்ரக்டர் சத்தத்தை அடக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் எல்லாரும் வால்வை எப்படித் திறப்பீர்கள்?" பாதிப் பேர் முழுக்கத் திறந்துவிட்டுக் கால் சுற்று திருப்பி வைப்பார்களாம், பழைய பழக்கம், அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். மீதிப் பேர் முழுக்கத் திறந்து அப்படியே விடுவார்கள். ஆக, கால் சுற்று ஆடுகிற வால்வைக் கையால் தொட்டுப் பார்க்கிறவனுக்கு அது திறந்து கால் சுற்று மூடியதா, மூடிக் கால் சுற்று திறந்ததா என்று தெரியவே தெரியாது. அந்தப் பையன் "சரிபார்க்க" என்று தொட்டு, திசை மாறித் திருகியிருக்கிறான். அவனை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தால் அடுத்து வருகிறவனும் அதே வால்வைத்தான் தொடுவான்.

அன்றையிலிருந்து அந்தப் படகில் வால்வு ஒன்று முழுக்கத் திறந்திருக்கும், இல்லை முழுக்க மூடியிருக்கும், நடுவில் கிடையாது. இறங்குமுன் முள்ளைப் பார்த்துக்கொண்டே நான்கு மூச்சு இழுக்க வேண்டும், முள் ஆடினால் இறங்கக்கூடாது. பல பயிற்சி நிறுவனங்களும் அந்தக் கால் சுற்றுப் பழக்கத்தைக் கைவிட்டுவிட்டன. பையன் பயந்து "நான் தொடவே இல்லை" என்று சாதித்திருந்தால் எங்களுக்கு இது எதுவும் தெரிய வந்திருக்காது.

பத்துபெரிங்கி எழுதியது:

அருமை தங்கச்சி. நம்ம ஊர் வழக்கு "பாவம் ஓரிடம் பழி ஓரிடம்" என்பது படகில்தான் தினம் நடக்கிறது.

குகை டைவிங்கிலும் இதே கதைதான். ஃபுளோரிடா குகைகளில் 1960, 70களில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஷெக் எக்ஸ்லி என்கிற டைவர் ஒவ்வொரு சாவையும் எடுத்து, எந்த இடத்தில் எது இல்லாமல் போனது என்று பிரித்துப் பார்த்தார். வெளிவாசல்வரை அறுபடாத வழிகாட்டிக் கயிறு, காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு கையிருப்புக்கு என்கிற விதி எல்லாம் அப்படி நிலைபெற்றவைதான்.

செந்தூல் தம்பி, கூட்டம் முடிந்ததும் வந்து சொல்லுங்கள்.

செந்தூல்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி சாப்பாட்டைத் தனியாக வைத்துவிட்டு, அந்தத் தங்கச்சி, கூட்டாளிப் பையன், நான், போனில் டைவ்மாஸ்டர், நாலு பேர் மட்டும் என் வீட்டில் உட்கார்ந்தோம். முதலில் அவள் வரவே மாட்டேன் என்றாள், "யாரும் உன்னைக் கேள்வி கேட்கப்போவதில்லை, நீ பார்த்ததைச் சொன்னால் போதும்" என்ற பிறகு அண்ணனோடு வந்தாள்.

எழுதிய தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் நான் நினைத்தே பார்க்காத ஒன்று வந்தது: ஈயக்கட்டி. முதல் டைவில் அவளால் உள்ளே இறங்க முடியவில்லை, வாடகை உடுப்பு காய்ந்து கிடந்தது, பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், மிதந்துகொண்டே இருந்தாள். படகுப் பையன் உதவி செய்வதாக நினைத்து இடுப்பு பெல்ட்டில் 2 கிலோ கூட்டிக் கொடுத்தான். அவளும் இறங்கிவிட்டாள், எல்லாருக்கும் நிம்மதி. அந்த 2 கிலோவை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. டைவ்மாஸ்டருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, அவளுக்கு அது ஒரு விஷயம் என்றே தெரியாது.

கூடுதல் எடையைச் சமாளிக்க மிதப்பைக் கட்டுப்படுத்தும் பிசிடி ஜாக்கெட்டில் கூடுதல் காற்று அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கால் கீழே தொங்க, எதிர்நீரோட்டத்தில் இரண்டு மடங்கு உதைத்து நீந்தியிருக்கிறாள், காற்று கரைந்தது அதனால்தான். பதறி மேலே கிளம்பியபோது ஜாக்கெட்டுக்குள் இருந்த அதே காற்று விரிந்து, அவளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கம்ப்யூட்டர் கோட்டில் பார்த்தால் 10 மீட்டரிலிருந்து கோடு செங்குத்தாக நிற்கிறது. ஆக, காற்று தீர்ந்ததற்கும், விசுக்கென்று மேலே வந்ததற்கும், இரண்டுக்கும் அந்த ஈயக்கட்டிக்குத் தொடர்பு உண்டு. வாட்ஸ்அப்பில் அத்தனை பேர் அத்தனை எழுதினார்களே, ஒருத்தர்கூட ஈயக்கட்டி பற்றி வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்று, பையன் சொன்னது. அவன் நடுவில் திரும்பிப் பார்த்து ஓகே சைகை காட்டியிருக்கிறான், அவளும் ஓகே என்று காட்டியிருக்கிறாள். அப்போது அவளிடம் 70 பார்தான் இருந்தது. "ஓகேயா என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள், புதிதாக வந்தவள் வேறு, எல்லாருடைய டைவையும் நானே முடித்து வைக்கிற மாதிரி ஆகிவிடுமே என்று பயம்" என்றாள். இனி எங்கள் குழுவில் ஓகே கேட்பது இல்லை, காற்று எவ்வளவு என்று கேட்டு விரலில் எண் வாங்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். எடையும் டைவ் முடிவில், டேங்கில் 50 பார் இருக்கும்போது, 5 மீட்டரில் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும், அலுமினிய டேங்க் காலியாகும்போது மிதக்கப் பார்க்கும் என்பதால் அந்த நேரத்தில் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும் என்று டைவ்மாஸ்டரே சொன்னார்.

கிள்ளான்_கறார் எழுதியது:

ஈயக்கட்டி விஷயம் நான் எதிர்பார்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைப் படகுக் கம்பெனியிடம் சொன்னீர்களா? நீங்கள் நாலு பேர் திருந்திவிட்டீர்கள், நாளைக்கு இன்னொரு குழு அதே படகில் ஏறும், அதே பையன் அதே மாதிரி 2 கிலோ கூட்டிக் கொடுப்பான். பழி வேண்டாம் என்பது சரி, வாயே திறக்காமல் இருப்பதும் சரி என்று ஆகிவிடக்கூடாது.

செந்தூல்காரன் எழுதியது:

சொன்னோம் அண்ணே. பையன் பெயரை நாங்கள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. யார் எத்தனை கிலோ போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு டைவுக்கும் தாளில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அடுத்த பயணத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். டேன் அமைப்பின் இணையப் படிவத்திலும் தங்கச்சியே உட்கார்ந்து பெயர் போடாமல் நிரப்பி அனுப்பினாள்.

பத்துபெரிங்கி அண்ணே, டைவ் மருத்துவம் பார்க்கிற டாக்டரிடம் நாள் வாங்கியாகிவிட்டது, அவர் சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை அவள் இறங்க மாட்டாள். கூட்டாளிப் பையனைத்தான் இன்னும் சமாதானப்படுத்த முடியவில்லை. யாராவது பேசிப் பார்க்க முடியுமா, முடிந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

நீலத்துடுப்பு எழுதியது:

அனுப்பியிருக்கிறேன். எண்ணை அவனிடம் கொடுங்கள், இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு டியூஷன்.